யானைக்கு முன்னே வந்த மணியோசை: அயர்லாந்து மருத்துவமனைகளில் கான்டி ரான்சம்வேர், 2021

2021 மே 14, வெள்ளிக்கிழமை. பின்னிரவு ஒரு மணி வாக்கில் அயர்லாந்தின் அரசு மருத்துவ நிர்வாகமான எச்.எஸ்.இ.-யின் சர்வர்களில் கான்டி என்ற ரான்சம்வேர், அதாவது கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் நிரல், ஓடத் தொடங்கியது. 2.50-க்கெல்லாம் கோப்புகள் திறக்கவில்லை என்று மருத்துவமனைகளிலிருந்து தகவல் வர ஆரம்பித்தது. அன்று காலைக்குள் நாடு முழுக்க இருந்த தன் கணினி அமைப்புகளை எச்.எஸ்.இ. தானே அணைத்துவிட்டது. 54 மருத்துவமனைகள், 4,000-க்கு மேற்பட்ட இடங்கள், 70,000-க்கு மேற்பட்ட கணினிகள். எக்ஸ்ரே, ஸ்கேன் படங்களைத் திரையில் பார்க்க வழியில்லை. ஊழியர்கள் பேனாவுக்கும் தாளுக்கும் திரும்பினார்கள். டப்ளினின் ரொட்டுண்டா மகப்பேறு மருத்துவமனை, 36 வாரம் ஆன கர்ப்பிணிகளைத் தவிர மற்ற வெளிநோயாளர்களை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டது.

செய்தியில் வந்தது இந்த இரவுதான். வேலை தொடங்கியதோ மார்ச் 18-ல். இடையில் 57 நாள். அந்த நாட்களில் எச்சரிக்கை எதுவும் வரவில்லை என்று சொல்லவே முடியாது. எச்.எஸ்.இ. கேட்டுக்கொண்டபடி பிடபிள்யூசி நிறுவனம் நடத்திய சுயேச்சை ஆய்வின் அறிக்கை 2021 டிசம்பரில் பொதுவெளிக்கு வந்தது. ஆன்டிவைரஸ் கத்தியது, இரண்டு மருத்துவமனைகள் கத்தின, பாதுகாப்புச் சேவை நிறுவனமே மின்னஞ்சல் போட்டுச் சொன்னது என்பதெல்லாம் அதில் தேதிவாரியாக இருக்கிறது. ரான்சம்வேரை அடையாளம் காண்பது பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் கோப்பின் பின்னொட்டையும் மிரட்டல் கடிதத்தையும்தான் காட்டுவார்கள். அவை தெரியும்போது ஆட்டம் முடிந்திருக்கும். எனவே இந்தக் கட்டுரையில் பெரும்பங்கு அந்த 57 நாளுக்கு.

எக்செல் கோப்பு, மார்ச் 16 முதல் 23 வரை

மார்ச் 16 அன்று ஓர் ஊழியருக்கு எக்செல் கோப்பு இணைத்த மின்னஞ்சல் வந்தது. 18-ஆம் தேதி அவர் அதைத் திறந்தார். அறிக்கை அந்தக் கணினியை ‘பேஷன்ட் ஜீரோ’ (முதல் நோயாளி) என்று குறிக்கிறது. அதிலிருந்த ஆன்டிவைரஸின் வைரஸ் அடையாளப் பதிவேடு ஓராண்டுக்கு மேலாகப் புதுப்பிக்கப்படாமல் கிடந்தது.

இந்தக் கட்டத்தில் பார்க்க வேண்டிய இடம் ஒன்றுதான்: எக்செல் எந்த நிரலைக் கிளப்புகிறது? எக்செல் கணக்குப் போடுகிற மென்பொருள். அது பவர்ஷெல்லையோ, கமாண்ட் ப்ராம்ப்டையோ, ரண்டிஎல்எல்32, ரெக்எஸ்விஆர்32 போன்ற விண்டோஸின் உள் நிரல்களையோ கிளப்புவதற்கு நியாயமான காரணம் அநேகமாக இருக்காது. விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடான செக்யூரிட்டி லாகில் நிகழ்வு எண் 4688, சிஸ்மான் என்ற கண்காணிப்புக் கருவி போட்டிருந்தால் நிகழ்வு 1, இதைத் தாய்-பிள்ளை உறவோடு காட்டும். இங்கே பலரும் சறுக்குகிற இடம் ஒன்று உண்டு. 4688-ஐ இயக்கிவிட்டால் போதும் என்று நினைப்பார்கள். ஆனால் முழுக் கட்டளை வரியையும் பதிவு செய் என்ற குரூப் பாலிசி (கணினிகளுக்கான பொது விதி) தனியே இருக்கிறது. அதையும் இயக்காவிட்டால் ‘பவர்ஷெல் ஓடியது’ என்று மட்டும் தெரியும், என்ன ஓட்டியது என்று தெரியாது. பவர்ஷெல்லுக்கு நிகழ்வு 4104-ஐயும் சேர்த்து இயக்கினால், மறைகுறியிட்டு அனுப்பிய கட்டளை பிரிந்த நிலையிலேயே லாகில் விழும்.

மார்ச் 23 அன்று தாக்கியவர் அந்தக் கணினியில் நிரந்தரமாகக் காலூன்ற ஏற்பாடு செய்துகொண்டார். அதாவது, கணினியை அணைத்து ஆன் செய்தாலும் பிடி போகாது. பின்னால் நடந்த ஒரு பிழைக்கு இதுதான் திறவுகோல், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இப்படிக் காலூன்றும் வழிகள் வழக்கமாக மூன்று: புதிய திட்டமிட்ட பணி (நிகழ்வு 4698), புதிய சர்வீஸ், அதாவது பின்னணியில் ஓடும் நிரல் (7045), விண்டோஸ் அமைப்புகளைச் சேமிக்கும் ரெஜிஸ்ட்ரியின் ரன் கீ (சிஸ்மான் 13). மூன்றிலும் கேட்க வேண்டிய கேள்வி, இந்தப் பணி சுட்டும் கோப்பு எங்கே இருக்கிறது என்பது. ஆப்டேட்டா, ப்ரோகிராம்டேட்டா, யூசர்ஸ் பப்ளிக் போன்ற, சாதாரணப் பயனரும் எழுதக்கூடிய கோப்புறையில் இருந்தால் அன்றைக்கே பார்த்துவிட வேண்டும்.

மார்ச் 31: இரண்டு பெயர்கள்

அன்று பேஷன்ட் ஜீரோ கணினியில் கோபால்ட் ஸ்ட்ரைக், மிமிகாட்ஸ் என்ற இரண்டு தாக்குதல் கருவிகளும் ஓடியதை எச்.எஸ்.இ.-யின் ஆன்டிவைரஸ் கண்டுபிடித்துப் பெயர் சொல்லிப் பதிவு செய்தது. தடுக்கவில்லை. அது ‘மானிட்டர்’ நிலையில், கண்டால் எழுதிவை, தொடாதே என்ற அமைப்பில் வைக்கப்பட்டிருந்தது. ரான்சம்வேர் வெடிக்க இன்னும் 44 நாள் இருந்தது.

இந்த வழக்கில் ஒரே ஒரு இடத்தைக் காட்டு என்றால் இதைத்தான் காட்டுவோம். மானிட்டர் நிலை ஏன் வைக்கிறார்கள் என்பது மருத்துவமனை கணினிப் பிரிவில் இருப்பவர்களுக்குப் புரியும். பழைய ஆய்வக மென்பொருளை ஆன்டிவைரஸ் தவறுதலாக முடக்கினால் முதல் அடி அவர்களுக்குத்தான். எச்.எஸ்.இ.-யில் அப்போது 30,000 கணினிகள் விண்டோஸ் 7-ல் ஓடிக்கொண்டிருந்தன, பயம் நியாயமானதே. ஆனால் எல்லா வகை எச்சரிக்கைக்கும் ஒரே நிலை வைக்க வேண்டியதில்லை. பாஸ்வேர்ட் திருடும் கருவி, கோபால்ட் ஸ்ட்ரைக், ஷேடோ காப்பியை (விண்டோஸ் எடுத்துவைக்கும் கோப்புகளின் பழைய படியை) அழிக்கும் கட்டளை ஆகிய மூன்றுக்கும் மானிட்டர் என்ற பேச்சே கூடாது. கண்டதும் தடு, கணினியை நெட்வொர்க்கிலிருந்து துண்டி, ஆளை எழுப்பு.

காரணம், இந்த இரண்டு கருவிகளும் ஒரு வைரஸ் அலர்ட்டுக்கு உரிய பொருள் கொண்டவை அல்ல. ஆட்வேர் என்று அலர்ட் வந்தால் கணினியைச் சுத்தம் செய்தால் தீர்ந்தது. மிமிகாட்ஸ் என்று வந்தால் அந்த நிமிடத்தில் விசைப்பலகைக்குப் பின்னால் ஒரு மனிதர் உட்கார்ந்து வேலை செய்கிறார் என்று பொருள். அது எல்சாஸ் என்ற விண்டோஸ் ப்ராசஸின் நினைவகத்தைத் திறந்து, அந்தக் கணினியில் உள்நுழைந்தவர்களின் பாஸ்வேர்ட் ஹாஷ்களை (பாஸ்வேர்டின் உருமாற்றிய வடிவங்களை) அள்ளும். அட்மின் ஒருவர் ஏதோ பழுது பார்க்க அந்தக் கணினிக்குள் ஒருமுறை நுழைந்திருந்தால் அவருடைய சாவியும் போகும். எல்சாஸை எந்த ப்ராசஸ் தொட்டது என்பதை சிஸ்மானின் நிகழ்வு 10 சொல்லும்.

கோபால்ட் ஸ்ட்ரைக், சோதனைத் தாக்குதல் நடத்துபவர்களுக்காக விற்கப்படும் கருவி. கான்டி கும்பலுக்கு அது அன்றாடக் கருவியாக இருந்தது. அதன் ‘பீக்கன்’ என்ற பகுதி, பாதிக்கப்பட்ட கணினியிலிருந்து தலைமை சர்வருக்கு இடைவெளி விட்டு விட்டுப் பேசும். அமைப்பை மாற்றாமல் விட்டால் இடைவெளி 60 விநாடி. இணையப் போக்குவரத்தைப் பதியும் ப்ராக்ஸி லாகில் இது நன்றாகத் தெரியும். ஆள் இல்லாத இரவு மூன்று மணிக்கும், ஒரே கணினி, ஒரே முகவரிக்கு, ஏறக்குறைய ஒரே அளவுள்ள கோரிக்கையை நாடித் துடிப்பு மாதிரி அனுப்பிக்கொண்டிருக்கும். கணினிக்குள் பார்த்தால், எந்த வாதமும் இல்லாமல் தனியே ஓடும் ரண்டிஎல்எல்32 இணையத்தோடு பேசிக்கொண்டிருக்கும். உண்மையான ரண்டிஎல்எல்32-க்கு எப்போதும் ஒரு டிஎல்எல் கோப்பின் பெயர் பின்னால் இருக்கும். வெறுமனே ஓட அதற்கு வேலையே கிடையாது. திறமையான தாக்குநர் இந்த அடையாளங்களையெல்லாம் மாற்றிவிடுவார் என்பது உண்மை. சோம்பேறிகளும் நிறைய பேர் என்பதும் உண்மை.

மே 7-க்குப் பிறகு வேகம் கூடியது

மே 7 அன்று தாக்கியவர் முதல்முறையாக எச்.எஸ்.இ.-யின் சர்வர்களுக்குள் நுழைந்தார். அடுத்த சில நாட்களில் பல மருத்துவமனைகளின் கணினிகளுக்கும் பரவினார்.

கான்டி ஆட்கள் இந்தக் கட்டத்தில் எப்படி நடந்துகொண்டார்கள் என்பதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. 2021 ஆகஸ்டில், பங்குத்தொகைத் தகராறில் கோபமடைந்த ஒரு கூட்டாளி அவர்களுடைய பயிற்சிக் கையேட்டையே வெளியே போட்டுவிட்டார். ரஷ்ய மொழியில் எழுதிய அந்தக் கையேட்டில் வியக்கத்தக்க தந்திரம் எதுவும் இல்லை. ஒரு பட்டறைச் சிறுவனுக்குச் சொல்வதுபோல் வரிசையாகக் கட்டளைகள், அவ்வளவுதான். முதலில் நோட்டம் பார்ப்பது: என்எல்டெஸ்ட் கொண்டு டொமைன் கன்ட்ரோலர்களின் (எல்லாக் கணக்குகளையும் நிர்வகிக்கும் சர்வர்களின்) பட்டியல், நெட் குரூப் கொண்டு டொமைன் அட்மின்களின் பெயர்கள், ஆட்ஃபைண்ட் கொண்டு மொத்த ஆக்டிவ் டைரக்டரியும் (பயனர், கணினிகளின் பெயரேடு) டெக்ஸ்ட் கோப்புகளாக. இவற்றில் ஒவ்வொன்றையும் அட்மினும் எப்போதாவது ஓட்டுவார். ஒரே பயனர் கணக்கில், பத்து நிமிடத்துக்குள், மூன்றும் ஓடினால் அது அட்மின் வேலை இல்லை. கணக்குப் பிரிவு ஊழியரின் கணினியிலிருந்து என்எல்டெஸ்ட் ஒன்று ஓடினாலே போதும், கேள்வி கேட்கலாம்.

அடுத்தது கெர்பரோஸ்டிங். சர்வீஸ் கணக்குகளுக்கான டிக்கெட்டுகளை (நுழைவுச் சீட்டுகளை) மொத்தமாகக் கேட்டு வாங்கி, வெளியே கொண்டுபோய் பாஸ்வேர்டை உடைப்பது. டொமைன் கன்ட்ரோலரில் நிகழ்வு 4769 குவியும்; ஒரே பயனர் சில நிமிடங்களில் பல சர்வீஸ்களுக்கு, அதுவும் பழைய ஆர்.சி.4 குறியாக்கத்தில் டிக்கெட் கேட்டிருப்பார். பிறகு ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவல். இதற்கு 7045 லாகைப் பாருங்கள்: ஏழெட்டு எழுத்தில் அர்த்தமில்லாத பெயருடன் ஒரு சர்வீஸ் பிறந்திருக்கும், அதன் பாதை அட்மின் டாலர் என்ற, அட்மின்களுக்கான மறைவுப் பகிர்வைச் சுட்டும் அல்லது நீண்ட பவர்ஷெல் வரியாக இருக்கும், பிறந்த சில விநாடியில் மறைந்தும் போயிருக்கும். சர்வீஸ் மறைந்தாலும் லாக் மறையாது.

மே 10 அன்று, அறிக்கை ‘சி’ என்று குறிக்கும் மருத்துவமனையில் இரண்டு கணினிகளில் கோபால்ட் ஸ்ட்ரைக்கை ஆன்டிவைரஸ் கண்டது. கோப்புகளைத் தனிமைப்படுத்தத் தவறியது. 12-ஆம் தேதி மருத்துவமனை ‘ஏ’ தனக்கு வந்த எச்சரிக்கையை எச்.எஸ்.இ.-க்குத் தெரிவித்தது. அதை விசாரித்த எச்.எஸ்.இ., சந்தேகத்துக்குரிய நடமாட்டம் மருத்துவமனை ‘ஏ’-யிலிருந்துதான் கிளம்புகிறது என்று முடிவு கட்டியது. உண்மை நேர்மாறு, எச்.எஸ்.இ.-யிலிருந்துதான் அது மருத்துவமனைக்குள் போயிருந்தது. இந்தத் திசைப் பிழை எளிதில் நேரக்கூடியது. இரண்டு நெட்வொர்க்குகள் இணையும் இடத்தில், யார் முதலில் அலர்ட் பார்த்தார்களோ அவர்கள்தான் மூலம் என்று தோன்றும். சரிபார்க்க நேர முத்திரை வேண்டும். நிகழ்வு 4624-ல், உள்நுழைவு வகை 3 (நெட்வொர்க் வழி நுழைவு) உள்ள பதிவுகளை இரு பக்கத்து லாகிலும் எடுத்து, மூல ஐபி முகவரியையும் நேரத்தையும் வரிசையாக அடுக்கினால் எது முந்தி, எது பிந்தி என்று தெரிந்துவிடும். இரு பக்கத்துக் கடிகாரங்களும் ஒத்துப்போக வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது.

அதே 12, 13 தேதிகளில் தாக்கியவர் கோப்புறைகளை மேய்ந்தார், கோப்புகளைத் திறந்து பார்த்தார், சுருக்கிக் கட்டி ஆர்க்கைவ் செய்தார், கோப்புப் பகிர்வுத் தளங்களுக்குப் போக முயன்றார். ரான்சம்வேருக்கு முந்தைய கடைசி மணி இதுதான். கான்டி கூட்டாளிகள் இதற்கு வழக்கமாக ஆர்குளோன் என்ற கோப்பு நகலெடுக்கும் கருவியையும் மெகா என்ற கோப்புப் பகிர்வுத் தளத்தையும் பயன்படுத்தினார்கள். சர்வர் ஒன்று வெளியே கிகாபைட் கணக்கில் அனுப்புகிறது என்றால் பேக்கப் நேரமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் திருட்டாக இருக்க வேண்டும். கோப்பு சர்வருக்கு இணையத்தில் என்ன வேலை என்பது அதைவிட நல்ல கேள்வி. தேவையான நாலைந்து முகவரிகளைத் தவிர மற்றதை ஃபயர்வாலில் மூடிவைத்தால் இந்தக் கட்டமே திணறும்.

ரீஸ்டார்ட்

மே 13. ஆன்டிவைரஸ் சேவை நிறுவனம் எச்.எஸ்.இ.-யின் பாதுகாப்புக் குழுவுக்கு மின்னஞ்சல் அனுப்பியது: மே 7 முதல் குறைந்தது 16 கணினிகளில் கையாளப்படாத அச்சுறுத்தல்கள் இருக்கின்றன. பாதுகாப்புக் குழு, சர்வர்களை ரீஸ்டார்ட் செய்யும்படி சர்வர் குழுவைக் கேட்டுக்கொண்டது.

கணினிக்கு எந்த நோய் வந்தாலும் முதல் கஷாயம் ரீஸ்டார்ட்தான் என்ற பழக்கம் எல்லா ஊரிலும் உண்டு. இங்கே அது மூன்று வகையில் கெடுதல். பீக்கன் பெரும்பாலும் வட்டில் இல்லாமல் நினைவகத்தில் மட்டும் வாழும். ரீஸ்டார்ட் செய்தால் சாட்சியம் போகும். மார்ச் 23-ல் பார்த்த காலூன்றல் போல ஏதாவது இருந்தால் ஆன் ஆனதும் தாக்கியவர் திரும்ப வருவார். மூன்றாவது, அலர்ட் அடங்கிவிடுவதால் பிரச்சினை தீர்ந்ததாகக் கோப்பை மூடிவிடுவோம். செய்திருக்க வேண்டியது: கணினியை அணைக்காமல் நெட்வொர்க்கை மட்டும் துண்டிப்பது, நினைவகத்தைப் படியெடுப்பது, 16 கணினிகளிலும் பொதுவாக என்ன இருக்கிறது (ஒரே கணக்கா, ஒரே வெளி முகவரியா, ஒரே கோப்பு ஹாஷா) என்று பார்ப்பது, அதை வைத்து பதினேழாவது கணினியைத் தேடுவது. பதினேழாவது எப்போதும் இருக்கும்.

கான்டி ஓடும்போது

கான்டியை இயக்கியது ரஷ்ய மொழி பேசும், ரியூக் ரான்சம்வேரோடு தொடர்புடைய கும்பல். 2020-ல் பரவலாகக் காணப்பட்டது. மனிதர் கையால் இயக்கும் வகை. உள்ளூர் வட்டு மட்டுமா, பகிர்வுகள் மட்டுமா, இரண்டுமா என்று கட்டளை வரியிலேயே சொல்லலாம். பகிர்வுகளை மட்டும் குறிவைத்து ஓட்டினால், ஒரு கணினியில் நிரல் ஓடும், நூறு சர்வர்களில் கோப்புகள் பூட்டிக்கொள்ளும். பாதிக்கப்பட்ட சர்வரில் அந்நிய நிரலைத் தேடினால் கிடைக்காது. சர்வரின் லாகில், கோப்புகளை மாற்றி எழுதியது எந்த ஐபி, எந்தக் கணக்கு என்று தேட வேண்டும்.

முதலில் ஷேடோ காப்பிகளை ஒழிக்கும். பழைய பதிப்புகளில் விஎஸ்எஸ்அட்மின் கட்டளை மூலம் சேமிப்பிடத்தை 401 எம்பி என்று சுருக்கும். இடம் போதாமல் விண்டோஸே பழைய படிகளைத் தள்ளிவிடும். இந்த 401 என்ற எண்ணை லாகில் பார்த்தால் வேறு விளக்கம் தேட வேண்டாம். பிந்தைய பதிப்புகள் டபிள்யூஎம்ஐசி என்ற இன்னொரு கட்டளை வழியாக ஒவ்வொரு படியையும் அதன் அடையாள எண்ணைச் சொல்லி அழிக்கும். 2020-ல் ஆராயப்பட்ட பதிப்பு, தரவுத்தளம், மின்னஞ்சல், பேக்கப், பாதுகாப்பு சர்வீஸ்களை நிறுத்த 146 கட்டளைகளை வரிசையாக ஓட்டியது. திறந்திருக்கும் கோப்பைப் பூட்ட முடியாது என்பதால் இந்த ஏற்பாடு. எஸ்.க்யூ.எல். சர்வீஸ் ஒன்று நின்றால் பழுது. பத்து விநாடியில் முப்பது நின்றால் அது வேறு.

பிறகு 32 இழைகளில் ஒரே நேரத்தில் பூட்டும். வேகத்துக்காக இன்னொரு உபாயமும் உண்டு: ஒரு எம்பி-க்கு உட்பட்ட கோப்பை முழுதாகவும், 5 எம்பி வரை உள்ளதில் முதல் ஒரு எம்பி-யை மட்டும், அதைவிடப் பெரியதைத் துண்டு துண்டாகவும் பூட்டும். தரவுத்தளக் கோப்புகளுக்கு இந்தச் சலுகை இல்லை, முழுதும் பூட்டும். எனவே நடுப்பகுதியைத் திறந்து பார்த்துவிட்டு ‘கோப்பு நன்றாகத்தான் இருக்கிறது’ என்று ஏமாறக் கூடாது. பார்க்க வேண்டியது தலைப்பகுதியை. ஒவ்வொரு கோப்புக்கும் தனிச் சாவி. அந்தச் சாவியை 4096 பிட் ஆர்.எஸ்.ஏ. கொண்டு பூட்டிக் கோப்பின் வாலில் ஒட்டிவைக்கும். கோப்பின் அளவு கொஞ்சம் கூடியிருப்பது அதனால்தான். அந்த வாலை வெட்டினால் சாவி கிடைத்தாலும் கோப்பு மீளாது. பின்னொட்டு பதிப்புக்குப் பதிப்பு மாறும். அயர்லாந்தில் வந்தது எஃப், ஈ, ஈ, டி, சி என்ற ஐந்தெழுத்து. பின்னொட்டைத் தடுப்புப் பட்டியலில் போட்டு நிம்மதியாக இருக்கிறவர்களுக்கு இது ஒரு தகவல்.

தடுத்தவர்கள்

அயர்லாந்தின் சுகாதாரத் துறை அமைச்சகத்தின் நெட்வொர்க்கிலும் இதே காலத்தில் கோபால்ட் ஸ்ட்ரைக் இருந்தது. 13-ஆம் தேதி சந்தேகம் எழுந்து விசாரணை தொடங்கி, கூடுதல் கருவிகளை நிறுவியிருந்தார்கள். 14 அதிகாலை ரான்சம்வேரை ஓட்டும் முயற்சி கண்டுபிடிக்கப்பட்டு நிறுத்தப்பட்டது. ஒரே நாடு, ஒரே கும்பல், ஒரே வாரம். அங்கே அலர்ட்டை ஒரு கணினியின் நோயாக எண்ணாமல், வீட்டுக்குள் ஆள் இருக்கிறார் என்று எடுத்துக்கொண்டு தேடத் தொடங்கியிருந்தார்கள்.

இதே நிலையில் நாளை நீங்கள் இருந்தால் முதல் சில மணி நேரத்துக்கான வரிசை இது. பேக்கப் சர்வரை டொமைனிலிருந்தும் நெட்வொர்க்கிலிருந்தும் பிரியுங்கள், மற்றதெல்லாம் பிறகு. சர்வர்களுக்கு வெளி இணையத்தை மூடுங்கள். அலர்ட் வந்த கணினிகளைத் துண்டித்து நினைவகப் படி எடுங்கள். டொமைன் அட்மின் கணக்குகளை எண்ணிப் பார்த்து, பெயர் தெரியாதவற்றை முடக்குங்கள். டொமைன் கன்ட்ரோலரில் பிடி விழுந்திருந்தால் டிக்கெட்டுகளுக்கு முத்திரையிடும் கேஆர்பிடிஜிடி கணக்கின் பாஸ்வேர்டை இரண்டு முறை மாற்ற வேண்டும், இடையில் டிக்கெட்டின் ஆயுளான 10 மணி நேரத்துக்கு மேல் விட்டு; ஒருமுறை மட்டும் மாற்றினால் பழைய சாவியும் செல்லும். இதையெல்லாம் பேசிக்கொள்ள அலுவலக மின்னஞ்சலைப் பயன்படுத்தாதீர்கள், அதைத் தாக்கியவரும் படிக்கலாம். இந்தியாவில் இருப்பவர்களுக்குக் கூடுதலாக: இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் பிறப்பித்த உத்தரவுப்படி, தெரிய வந்த 6 மணி நேரத்துக்குள் தகவல் கொடுக்க வேண்டும், லாகுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். பல இடங்களில் செக்யூரிட்டி லாக் அதன் இயல்பான சிறிய அளவிலேயே விடப்பட்டு, சில நாட்களில் தன்னைத்தானே அழித்து எழுதிக்கொண்டிருக்கும். 57 நாள் பின்னோக்கிப் போக வேண்டியவருக்கு அது உதவாது.

மே 20 அன்று தாக்கியவர்கள் பூட்டைத் திறக்கும் சாவியை இலவசமாகவே கொடுத்துவிட்டார்கள். திருடிய தரவை வெளியிடுவோம் என்ற மிரட்டலை மட்டும் கைவிடவில்லை. அயர்லாந்து அரசு பணம் எதுவும் கொடுக்கவில்லை. சாவி கையில் இருந்தும் ஒவ்வொரு சர்வரையும் தனியே எடுத்து, பூட்டைத் திறந்து, உள்ளே வேறு ஏதும் ஒளிந்திருக்கிறதா என்று சோதித்து, பிறகே நெட்வொர்க்கில் சேர்க்க முடிந்தது. எல்லா சர்வர்களும் திறக்கப்பட்டு, 1,087 செயலிகளில் 1,075 மீண்டபோது தேதி செப்டம்பர் 21.